கையெழுத்துப் போட்டா போதுமா?

எனக்குக் கல்யாணம் நடக்க மொத்தம் பதினோரு நிமிஷம் ஆனது. கிளார்க் பேனா தேடிய நேரமும் இதில் சேர்த்தி.

2007 ஜூன் மாதம், ஒரு செவ்வாய்க்கிழமை, மதியம் மூன்றரை மணி. காலண்டர் பார்க்கிற பழக்கம் உள்ளவர்களுக்கு அது அசல் ராகுகாலம் என்று தெரிந்திருக்கும். அப்பா பார்த்துப் பார்த்துப் பொறுக்கிய நேரம். பெண் வீட்டார் சி.எஸ்.ஐ. கிறிஸ்தவர்கள். நாங்கள் சர்டிபிகேட்படி இந்து, அப்பாவைக் கேட்டால் ஒன்றுமே இல்லை. கோயிலா, சர்ச்சா என்று இரண்டு பக்கத்து உறவுகளும் ஆறு மாசம் முறைத்துக்கொண்டு நின்றதில், யாருக்கும் பாத்தியதை இல்லாத இடமாகப் பார்த்துப் போனோம். ரிஜிஸ்தர் ஆபீஸ்.

அப்பா மில் தொழிலாளி. யூனியன்காரர். கறுப்புச் சட்டை போடாத பெரியார் பக்தர் (பக்தர் என்று சொன்னால் கோபம் வரும்). "கையெழுத்துப் போட்டா போதும். மத்ததெல்லாம் டெக்கரேஷன்" என்பது அவர் கட்சி. சிறப்புத் திருமணச் சட்டப்படி எங்கள் பெயர்கள் முப்பது நாள் நோட்டீஸ் போர்டில் தொங்கின. பக்கத்திலேயே ஏதோ ஜப்தி ஏல அறிவிப்பு. மூன்று சாட்சிகளில் அம்மா ஒருவர். "வீட்டுக்காரர் பேரு?" என்று கிளார்க் கேட்டதும் அம்மா என்னைத் திரும்பிப் பார்த்தார். நான்தான் சொன்னேன். என் அம்மா அப்பா பெயரைச் சொன்னதே இல்லை. 'அவுக', 'இந்தா பாருங்க', ரொம்பக் கோபம் வந்தால் 'ஒங்கப்பன்'. பகுத்தறிவு வீட்டில் எதை எதையோ மாற்றினார்கள், இதை மாற்ற முடியவில்லை.

வெளியே வந்து டீ குடிக்கும்போது அம்மா மெதுவாகச் சொன்னார்: "இதென்னடா, லோன் வாங்குன மாதிரி இருக்கு."

நான் பி.காம். படித்தவன். யோசித்துப் பார்த்தால் அம்மா சொன்னதில் தப்பே இல்லை. இரண்டு பார்ட்டி, மூன்று சாட்சி, கட்டணம், ரசீது. மாமியார் கைக்குட்டையை மடித்து மடித்துப் பிரித்துக்கொண்டிருந்தார். யாராவது ஒரு ஜெபமாவது சொல்லமாட்டார்களா என்று அவருக்கு. யாராவது ஒரு வார்த்தையாவது சொல்லமாட்டார்களா என்று அம்மாவுக்கு.

இதில் ஒரு வேடிக்கை. பல வருஷம் கழித்து வேறு ஒரு கட்டுரைக்காக அந்தச் சட்டத்தைப் படித்தேன். பன்னிரண்டாவது பிரிவு. 'இன்னாராகிய நான், இன்னாராகிய உன்னைச் சட்டப்படி மனைவியாக ஏற்கிறேன்' என்று அதிகாரிக்கும் மூன்று சாட்சிகளுக்கும் முன்னால், இருவருக்கும் புரிகிற மொழியில், ஒருவரைப் பார்த்து ஒருவர் வாய்விட்டுச் சொல்ல வேண்டும். சொல்லாவிட்டால் கல்யாணம் பூர்த்தியாகாது. 1954-ல் சட்டம் எழுதினவர்கள் மந்திரத்தை மறக்கவில்லை ஸார்! எங்கள் ஆபீஸில்தான் மறந்துவிட்டார்கள். பென்சிலால் டிக் அடித்த மூன்று இடங்களில் கையெழுத்து வாங்கிக்கொண்டு அனுப்பிவிட்டார்கள். இதை என் மனைவியிடம் நான் இன்னும் சொல்லவில்லை. இந்தப் பக்கத்தை அவள் படிப்பதில்லை என்ற தைரியத்தில் எழுதுகிறேன்.

அம்மாவின் அந்த 'லோன் வாங்குன மாதிரி' இருக்கிறதே, அதைக் கேட்டுப் பெரிய பெரிய அரசாங்கங்கள் தூக்கம் கெட்டிருக்கின்றன என்றால் நம்புவீர்களா?

முதலில் கெட்டது பிரான்ஸுக்கு. அதுவரை பிறப்பு, கல்யாணம், சாவு மூன்றுக்கும் கணக்கு எழுதினவர் பாதிரியார். 1792 செப்டம்பர் 20-ம் தேதி புரட்சி அரசு அந்தப் பேரேட்டை அவர் கையிலிருந்து பிடுங்கி நகராட்சியிடம் கொடுத்தது. பேரேடு வந்துவிட்டது. பாட்டு, மணி, மெழுகுவர்த்தி எதுவும் கூட வரவில்லை. அதற்கு என்ன செய்வது?

செய்தார்கள். அமர்க்களமாகச் செய்தார்கள். 1793-ல் காலண்டரையே மாற்றினார்கள். வாரத்துக்குப் பத்து நாள். ஞாயிற்றுக்கிழமை காலி. லீவு ஏழு நாளைக்கு ஒருமுறை என்பது போய்ப் பத்து நாளைக்கு ஒருமுறை என்று ஆனது. எந்த ஊர்த் தொழிலாளி இதற்குக் கைதட்டுவான்? அப்பாவின் யூனியனாக இருந்தால் மறுநாளே கேட் மீட்டிங். 1806 ஜனவரி முதல் தேதி நெப்போலியன் அந்தக் காலண்டரைத் தூக்கிப் போட்டார்.

1794 ஜூன் 8-ம் தேதி பாரீஸில் 'பரம்பொருள் விழா'. ஓவியர் தாவீத் செட் போட்டார். அட்டையும் மரமும் வைத்து மலையே கட்டினார்கள். ரோபஸ்பியர் தீப்பந்தத்தை எடுத்து நாத்திகத்தின் உருவப் பொம்மையைக் கொளுத்த, அதன் உள்ளேயிருந்து 'ஞானம்' சிலையாக வெளிப்பட வேண்டும் என்பது திட்டம். வெளிப்பட்டது. முகமெல்லாம் கரியாக! சரியாக ஐம்பதாவது நாள் ரோபஸ்பியரின் தலை போய்விட்டது. அந்த விழாவை இன்று யாரும் கொண்டாடுவதில்லை.

ஆனால் ஒன்று தங்கிவிட்டது. பிரான்ஸில் இன்றைக்கும் நீங்கள் யாராக இருந்தாலும் முதலில் நகர மண்டபத்தில்தான் கல்யாணம். சர்ச் வேண்டுமென்றால் அப்புறம். மேயர் மூவர்ண நாடாவைக் குறுக்கே போட்டுக்கொண்டு நிற்கிறார். மண்டபத்துக் கதவு திறந்தே இருக்க வேண்டும், யார் வேண்டுமானாலும் வந்து பார்க்கலாம். ஒருவருக்கொருவர் மரியாதை, விசுவாசம், உதவி, துணை என்று சிவில் சட்டத்தின் 212-வது பிரிவிலிருந்து மேயர் சத்தம்போட்டுப் படிக்கிறார். சம்மதமா என்று ஒவ்வொருவரையும் கேட்கிறார். 'உய்' என்கிறார்கள். ஆமாம் என்று அர்த்தம். சுற்றி நிற்பவர்கள் அழுகிறார்கள். ஒரு சட்டப் பிரிவைக் கேட்டு ஜனங்கள் அழுவது எனக்குப் பிடித்திருக்கிறது. கம்பெனிச் சட்டம் படித்தபோது நானும் அழுதிருக்கிறேன், காரணம் வேறு.

அடுத்து ரஷ்யா. 1917 டிசம்பரிலேயே லெனின் அரசு சொல்லிவிட்டது: பதிவுக் கல்யாணம்தான் கல்யாணம். பதிவு ஆபீஸ்கள் வந்தன. எப்படி இருந்திருக்கும் என்று உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. 1920-களில் தோழர்கள் முயற்சி செய்தார்கள். ஞானஸ்நானத்துக்குப் பதில் 'அக்டோபர்' பெயரிடு விழா. பிள்ளைகளுக்கு விளாட்லென் (விளாடிமிர் லெனின்), நினெல் (லெனினைத் திருப்பிப் போட்டது) என்றெல்லாம் பெயர். டிராக்டர் என்றுகூட வைத்திருக்கிறார்கள். சிரிக்காதீர்கள். நம் ஊரில் எத்தனை லெனின்கள், எத்தனை ஸ்டாலின்கள்? 2021-ல் முதலமைச்சரான மு.க.ஸ்டாலின் பிறந்தது 1953 மார்ச் 1. நான்கே நாளில் மாஸ்கோவில் ஸ்டாலின் செத்துப்போனார். அங்கே செத்த பெயர் இங்கே தொட்டிலில்.

1923-ல் ட்ராட்ஸ்கி பிராவ்தாவில் ஒரு கட்டுரை எழுதினார். சாராயம், சர்ச், சினிமா மூன்றையும் பற்றி. அவர் கணக்கு இது: ஜனங்கள் சர்ச்சுக்குப் போவது பக்தியால் இல்லை, பழக்கத்தால். அங்கே வெளிச்சம் இருக்கிறது, பாட்டு இருக்கிறது, காட்சி இருக்கிறது. அதையெல்லாம் சினிமா கொடுத்துவிட்டால் சர்ச் காலி. மனுஷர் தமிழ்நாட்டுக்கு வந்து பார்க்கவில்லை. சினிமாவும் வந்தது, கோயிலும் நிரம்பியது, நடிகைக்கே கோயிலும் கட்டியாயிற்று.

கடைசியில் 1959 நவம்பர் 1-ம் தேதி லெனின்கிராடில் அரசாங்கமே ஒரு 'கல்யாண மாளிகை' திறந்தது. பழைய பிரபு ஒருவரின் பங்களா. பளிங்குப் படி, சரவிளக்கு, மெண்டல்சன் இசை. ஆசீர்வதிக்கத் தோள்பட்டை நாடாவோடு ஒரு அரசு அதிகாரி அம்மாள். ஊர் ஊராக இது பரவியது. கல்யாணத்துக்கு மனுப் போட்டவர்களுக்கு மோதிரமும் துணியும் வாங்கத் தனிக் கூப்பன் உண்டு. கூப்பனுக்காகவே மனுப் போட்டுவிட்டுக் கல்யாணம் செய்துகொள்ளாமல் போனவர்களும் உண்டு. நம் ஆட்களுக்கு மட்டும்தான் இந்த மூளை என்று நினைத்துக்கொண்டிருந்தேன். மாளிகையிலிருந்து ஜோடி நேராக யுத்த நினைவிடத்துக்குப் போய்ப் பூ வைக்கும். யாரும் சட்டம் போட்டுக் கட்டாயப்படுத்திய பழக்கம் இல்லை இது. ஊருக்கு ஊர், வீட்டுக்கு வீடு போரில் யாரையாவது பறிகொடுத்த தேசம். செத்துப்போன தாத்தாவிடம் போய், கல்யாணம் ஆகிவிட்டது என்று சொல்லிவிட்டு வருகிறார்கள். சோவியத் போயும் இந்தப் பழக்கம் போகவில்லை.

அதேபோல் கிறிஸ்துமஸ் மரம். 1920-களின் கடைசியில் அதை மூட நம்பிக்கை என்று ஒழித்துக் கட்டினார்கள். 1935 டிசம்பர் 28-ம் தேதி பாவெல் போஸ்டிஷெவ் என்ற கட்சித் தலைவர் பிராவ்தாவில் எழுதினார்: பிள்ளைகளிடமிருந்து மரத்தை ஏன் பிடுங்க வேண்டும்? புத்தாண்டு மரம் என்று வைத்துக்கொள்வோமே. சில நாளில் நாடு முழுக்க மரம் வந்துவிட்டது. உச்சியில் பெத்லகேம் நட்சத்திரத்துக்குப் பதில் சிவப்பு நட்சத்திரம். போஸ்டிஷெவை 1938-ல் கைது செய்து 1939-ல் சுட்டுக் கொன்றார்கள். சுட்டவர்களும் போனார்கள், அந்த ஆட்சியும் போனது. மரம் இன்னும் ஒவ்வொரு வீட்டு ஹாலிலும் நிற்கிறது.

எனக்கு ரொம்பப் பிடித்தது கிழக்கு ஜெர்மனிக் கதைதான். அங்கே லுத்தரன் சர்ச்சில் பதினாலு வயசுப் பிள்ளைகளுக்குத் 'திடப்படுத்தல்' என்று ஒரு சடங்கு. என் மனைவிக்கும் அவள் ஊர் சர்ச்சில் நடந்திருக்கிறது, வெள்ளைச் சேலை கட்டி. அதற்குப் போட்டியாக 1954-ல் அரசு கமிட்டி போட்டு, அடுத்த வருஷமே 'யூகெண்ட்வைஹெ' என்று ஒன்றைத் தொடங்கியது. இளமைக்குத் தீட்சை என்று வைத்துக்கொள்ளுங்களேன். முழுக்கப் புதிது இல்லை. சர்ச்சோடு ஒட்டாதவர்கள் நூறு வருஷமாகச் சின்ன அளவில் நடத்திவந்ததுதான். மேடை, பேச்சு, பூச்செண்டு. சோஷலிசத்துக்கு விசுவாசமாக இருப்பேன் என்று எல்லோரும் சேர்ந்து உறுதிமொழி. கையில் 'பிரபஞ்சம், பூமி, மனிதன்' என்று தடிமனாக ஒரு புத்தகம். பைபிள் இடத்தில் விஞ்ஞானம். சர்ச் எதிர்த்தது. ஆனால் வராத பிள்ளைக்கு மேல் படிப்புக்கு இடம் கிடைப்பது சந்தேகம் என்றால் எந்த அப்பா அம்மா எவ்வளவு நாள் எதிர்ப்பார்கள்? 1980-களில் பத்துக்கு ஒன்பது பேருக்கு மேல் போனார்கள். போகாத சிலரில் ஒருத்தி டெம்ப்ளின் என்ற ஊர்ப் பாதிரியாரின் மகள். 1970-ல் சர்ச்சிலேயே திடப்படுத்தல் எடுத்துக்கொண்டாள். பெயர் ஏஞ்சலா. பின்னாளில் மெர்க்கல்.

1990-ல் அந்த நாடே காணாமல் போனது. கட்டாயம் போச்சு. உறுதிமொழி போச்சு. புத்தகம் பழைய பேப்பர் கடைக்குப் போச்சு. சடங்கு போகவில்லை! இப்போதும் ஒவ்வொரு வசந்த காலத்திலும் ஜெர்மனியின் கிழக்குப் பக்கத்தில் ஆயிரக்கணக்கான பிள்ளைகள் புது டிரெஸ் போட்டு மேடை ஏறுகிறார்கள். பெற்றோர்கள் கைக்காசு போட்டு நடத்துகிறார்கள்.

ஏன் என்று ரொம்ப நாள் எனக்குப் பிடிபடவில்லை. ஒரு சின்ன விவரம் படித்தபோது கொஞ்சம் புரிந்த மாதிரி இருந்தது. தமிழ் மாதிரியே ஜெர்மனிலும் 'நீ', 'நீங்கள்' இரண்டும் உண்டு. அந்தச் சடங்கு முடிந்த கையோடு, பள்ளிக்கூட வாத்தியார் மாணவனை 'நீங்கள்' என்று கூப்பிட ஆரம்பிப்பார். நேற்று வரை 'டேய்', இன்று 'வாங்க'. பதினாலு வயசில் இதைவிட ஒருவனுக்கு என்ன வேண்டும்? சோஷலிசத்தை அவன் மறந்திருப்பான், அந்த 'வாங்க'வை மறப்பானா? நம் வீடுகளில் பெண் பெரியவளானால் பந்தல் போட்டு, மைக் கட்டி, அது கூசிப்போகிற அளவுக்கு ஊரைக் கூட்டுகிறோம். பையனுக்கு மீசை முளைத்தால் முளைத்ததுதான், ஒரு அறிவிப்பும் கிடையாது. எனக்கு யாரும் அப்படி ஒரு 'வாங்க' சொன்னதாக ஞாபகம் இல்லை.

நம் மாநிலக் கதைக்கு வருகிறேன். இங்கே சடங்கை முதலில் மாற்றியது அரசாங்கம் இல்லை, இயக்கம். முதல் சுயமரியாதைத் திருமணம் என்று சொல்லப்படுவது 1928-ல் அருப்புக்கோட்டைப் பக்கம் சுக்கிலநத்தத்தில் நடந்தது. ஐயர் இல்லை, அக்னி இல்லை. 1953-ல் சென்னை உயர் நீதிமன்றம் இந்த மாதிரிக் கல்யாணம் செல்லாது என்றது. நினைத்துப் பாருங்கள், அதற்குள் எத்தனை ஜோடிகள், எத்தனை பிள்ளைகள், எத்தனை சொத்துத் தகராறுகள். 1967-ல் அண்ணா முதலமைச்சரானதும் சட்டம் போட்டார். 7ஏ பிரிவு. முன்பு நடந்த கல்யாணங்களும் செல்லும் என்று அதிலேயே எழுதியாயிற்று. உறவினர், நண்பர் முன்னால், புரிகிற மொழியில் ஒருவரை ஒருவர் ஏற்பதாகச் சொல்லி, மாலையோ மோதிரமோ மாற்றிக்கொண்டால் போதும், தாலி கட்டினாலும் சரி. கடவுள் இல்லை என்று மேடையில் முழங்கிவிட்டுச் செய்யும் இந்தக் கல்யாணம் எந்தச் சட்டத்துக்குள் உட்கார்ந்திருக்கிறது தெரியுமா? இந்துத் திருமணச் சட்டத்தில்! அதனால்தான் கிறிஸ்தவப் பெண்ணைக் கட்டின எனக்கு அது வாய்க்கவில்லை. அப்பாவுக்கு அதில் ஒரு குறை.

அப்பா அம்மாவுக்கு 1973-ல் அப்படித்தான் நடந்தது. மந்திரம் இல்லாத இடத்தைப் பேச்சு நிரப்பியது. வந்திருந்த பேச்சாளர் இரண்டரை மணி நேரம் பேசினார், அதில் வியட்நாம் யுத்தமும் வந்ததாம். "மாலை வாடியே போச்சு" என்பார் அம்மா. ஆனால் சிரித்துக்கொண்டே சொல்வார். ரிஜிஸ்தர் ஆபீஸ் வாசலில் டீ டம்ளரோடு அவர் அடுத்துச் சொன்னதும் அதுதான்: "எனக்காவது ரெண்டரை மணி நேரம் பேசுனாக."

"நீ என்னம்மா சொன்ன அன்னைக்கு? ஏத்துக்கறேன்னு வாயத் தெறந்து சொன்னியா?" என்று ஒருமுறை கேட்டிருக்கிறேன்.

"மைக்க நீட்டுனாக. பேரச் சொல்லணும்ல? தலைய ஆட்டுனேன்."

2019-ல் அப்பா போனார். இங்கே ஒன்றைச் சொல்ல வேண்டும். இத்தனை அரசாங்கங்களும் கல்யாணத்தைச் சமாளித்தன, பெயரிடுதலைச் சமாளித்தன, பண்டிகையைச் சமாளித்தன. சாவில்தான் திணறின. 1924-ல் லெனின் இறந்தபோது, அவருக்கு நினைவுச் சின்னம், ஆடம்பர மரியாதை எல்லாம் வேண்டாம் என்று மனைவி குரூப்ஸ்கயா பிராவ்தாவில் எழுதிக் கெஞ்சினார். கேட்கவில்லை. உடலைப் பாடம் செய்து கண்ணாடிப் பெட்டியில் வைத்தார்கள். சாதாரண ஆளுக்கு? 1927-ல் மாஸ்கோவில் ஒரு சர்ச்சையே மாற்றித் தகன மேடை திறந்தார்கள். இடம் கொடுத்தார்கள், நெருப்புக் கொடுத்தார்கள். போகிறவரிடம் என்ன சொல்லி அனுப்புவது என்பதற்குத்தான் ஆளில்லை.

அப்பா நோட்டில் எழுதியே வைத்திருந்தார். சடங்கு வேண்டாம். மொட்டை வேண்டாம். பெண்களும் மயானத்துக்கு வர வேண்டும். மின்மயானம் போதும். எழுதினதையெல்லாம் அப்படியே செய்தோம். யூனியன்காரர்கள் வந்து கொடி போர்த்திவிட்டு வாசலிலேயே விடைபெற்றுக்கொண்டார்கள். மயானத்தில் நாங்கள் ஒரு இருபது பேர். தள்ளுவண்டியில் அப்பா. என்ன செய்வது என்று யாருக்கும் தெரியவில்லை. மின்விசிறிச் சத்தம் மட்டும் கேட்கிறது. நான் பத்திரிகைக்காரன், இருபது வருஷமாக வாரா வாரம் எழுதுகிறவன். ஒரு வரி வரவில்லை.

அத்தைதான் உடைந்தார். "ஏய்யா, என்னமாச்சும் சொல்லுங்கய்யா. எங்கண்ணன ஊமையாவா அனுப்புவீக?"

மாநகராட்சி ஊழியர் ஒருவர் காக்கிச் சட்டையில் ஓரமாக நின்றார். அதுவரை சூடத்தையும் தீப்பெட்டியையும் கையில் வைத்துக்கொண்டு, கொடுக்கலாமா வேண்டாமா என்று பார்த்துக்கொண்டிருந்தார். நாங்கள் வேண்டாம் என்று தலையாட்டியதும் அதைப் பையில் போட்டுக்கொண்டார். கொஞ்ச நேரம் பொறுத்தார்.

"சரி, சாமியில்லாத வீடுங்களா. பரவால்ல. பேரையாச்சும் சத்தமா சொல்லிட்டு அனுப்புங்க. நான் எல்லாத்துக்கும் கேட்டுத்தான் உள்ள தள்ளுவேன். ஆள் மாறிப்போயிரக் கூடாதுல்ல."

நான் வாயைத் திறந்தேன். அப்பா பெயரை வெறுமனே, இனிஷியல் இல்லாமல், 'திரு' இல்லாமல் நானும் சொன்னதில்லை. தொண்டை அடைத்தது.

அம்மா சொன்னார். நாற்பத்தாறு வருஷத்தில் முதல் தடவை. முதலில் வாய்க்குள். அவர், "கேக்கலம்மா" என்றார். அம்மா முந்தானையை வாயிலிருந்து எடுத்துவிட்டு, அந்தக் கூடம் முழுக்கக் கேட்கிற மாதிரி இன்னொரு முறை சொன்னார்.

அவர் கையிலிருந்த சீட்டைப் பார்த்துச் சரிபார்த்துக்கொண்டு, வண்டியைத் தள்ளினார்.